பிரசவக் கோடுகள்: எண்ணெய் எட்டாத இடத்தில் நடப்பது

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் குளித்துவிட்டு, கைக்கண்ணாடியை வயிற்றுக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். குனிந்தால் தெரிகிற பகுதி வழுவழுவென்றுதான் இருந்தது. ஆனால் தொப்புளுக்குக் கீழே, என் கண்ணுக்கே எட்டாத வளைவில், விரல் நீளத்துக்கு ஏழெட்டுக் கோடுகள். நாவல்பழக் கறை மாதிரி ஒரு நிறம். அதுவரை "எனக்கெல்லாம் வரலை, நான் தினமும் எண்ணெய் தேய்க்கிறேன்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தவள் நான்.

முதல் கோடுகள் பலருக்கும் அங்கேதான் விழுகின்றன. அடிவயிற்றிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் தொடங்கி, பிறகு தொடை, பிட்டம், மார்பு என்று பரவலாம். அதனால்தான் "நேற்று இல்லை, இன்று திடீரென்று வந்துவிட்டது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். வந்து சில வாரம் ஆகியிருக்கும். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கும்.

ஸ்ட்ரெச் மார்க், பிரசவத் தழும்பு, வயிற்று வரி என்று பல பெயர்களில் சொல்கிறோம். மருத்துவர்கள் ஏட்டில் எழுதும் லத்தீன் பெயர் ஸ்ட்ரையே கிராவிடேரம். கர்ப்பிணிகளில் 50 முதல் 90 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும். சிலருக்கு அதற்கு முன்பே. உடல்நலத்துக்கு இதனால் எந்தக் கெடுதலும் கிடையாது. வராமல் தடுக்க முடியுமா, வந்ததைக் குறைக்க முடியுமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிய வேண்டுமென்றால், முதலில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

எலாஸ்டிக் விட்டுப்போன கதை

பழைய இரவு உடை ஏதாவது இருந்தால் அதன் இடுப்புப் பட்டையை வெளிச்சத்தில் இழுத்துப் பாருங்கள். மேலே உள்ள துணியில் ஒரு நூல்கூட அறுந்திருக்காது. உள்ளே ஓடும் ரப்பர் இழைகள்தான் அங்கங்கே விட்டுப்போயிருக்கும். விட்டுப்போன இடத்தில் துணி அலையலையாகத் தொங்கும். இழுத்து விட்டால் பழையபடி சுருங்காது.

தோலில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். நாம் தொட்டுப் பார்க்கிற மேல்தோல் மிக மெல்லியது. அதற்குக் கீழே அதைவிடப் பல மடங்கு தடிமனான உள்தோல் இருக்கிறது. அதற்கும் கீழேதான் கொழுப்பு. உள்தோலில் இரண்டு வகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. கொலாஜன் என்பது கயிறு மாதிரி, தோலுக்கு உறுதி தருவது. எலாஸ்டின் என்பது ரப்பர் மாதிரி, இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்புவது. பிரசவக் கோடு என்பது இந்த உள்தோலில், இந்த நார்கள் அறுந்தும் குலைந்தும் போன இடம். மேல்தோல் கிழிவதே இல்லை. அதனால் ரத்தம் வராது, பொருக்குத் தட்டாது, ஆறுவதற்கு மருந்து போட வெளியே ஒரு புண்ணும் இருக்காது.

அந்த இடத்தை உடம்பு சும்மா விடுவதில்லை. முதலில் அங்கே ஓர் அழற்சி. ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அந்த ரத்த நிறம் மெல்லிய மேல்தோல் வழியாகத் தெரிகிறது. வெளுத்த தோலில் இளஞ்சிவப்பு, மாநிறத்தில் ஊதா, கறுத்த தோலில் அடர்பழுப்பு அல்லது அக்கம்பக்கத்தைவிடக் கருமை. படங்களில் பெரும்பாலும் வெளுத்த தோலையே காட்டுகிறார்கள் என்பதால், தன் வயிற்றில் இருப்பது சிவப்பாக இல்லையே, இது வேறு ஏதோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நிறம் எதுவானாலும் இந்தக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் கோடு சற்றே புடைத்திருப்பது தெரியும். கொஞ்சம் அரிக்கவும் செய்யும்.

மாதங்கள் போகப் போக அழற்சி அடங்குகிறது. அறுந்த இடத்தில் புது கொலாஜன் வந்து நிரம்புகிறது. ஆனால் பழைய பின்னல் திரும்புவதில்லை. ஆறிய காயத்தின் தழும்பில் இருப்பது போல, ஒரே திசையில் படிந்த நார்க்கட்டுகள்தான். எலாஸ்டினோ முன்பிருந்த மாதிரி வளர்வதே இல்லை. கோடு வெளுக்கிறது, லேசாகக் குழிகிறது, வெங்காயச் சருகு போல மேலே மெல்லிய சுருக்கம் விழுகிறது. பழைய கோடு ஒன்றை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் அதன் மேல் பூனைமுடிகூட இருக்காது. மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி எல்லாம் அந்த இடத்தில் காணாமல் போயிருக்கும்.

நிறத்தோடு இருக்கும் புதுக் கோடு, வெளுத்த பழைய கோடு என்ற இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை என்று வரும்போது எல்லாமே இதை வைத்துத்தான்.

இழுவை மட்டும் காரணமா?

வயிறு பெரிதாகிறது, தோல் இழுபடுகிறது, அதனால் கோடு விழுகிறது. பாதி உண்மை. கோடுகள் இழுவைக்குக் குறுக்கேதான் விழும். வயிறு பக்கவாட்டில் விரிவதால் அவை மேலும் கீழுமாக ஓடுகின்றன. ஆனால் இழுவை மட்டுமே காரணம் என்றால் இரட்டைக் குழந்தை சுமந்த எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். வயிறு அவ்வளவாகத் தெரியாதவர்களுக்கு வரவே கூடாது. இரண்டும் அப்படி நடப்பதில்லை.

மீதிப் பாதி ஹார்மோன். கர்ப்ப காலத்தில் கார்ட்டிசோல் அளவு ஏறுகிறது. அது கொலாஜனைத் தயாரிக்கிற செல்களின் வேகத்தைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன், ரிலாக்சின் போன்றவை நார்களுக்கு இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றன. தோல் மிக அதிகமாக இழுபடப் போகிற அதே மாதங்களில்தான் அதன் பின்னலும் வலுவிழந்து நிற்கிறது. கர்ப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலும் இதைப் பார்க்கலாம். கார்ட்டிசோல் மாதிரியே வேலை செய்யும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தடவுகிறவர்களுக்கு, எந்த இழுவையும் இல்லாமலே அங்கே இதே கோடுகள் விழுகின்றன. உடம்பில் கார்ட்டிசோல் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயிலும் அகலமான ஊதாக் கோடுகள் வரும்.

இதற்கெல்லாம் அடியில் பரம்பரை. உங்கள் அம்மாவின் வயிற்றில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் களிம்பு டப்பாவில் எழுதியிருப்பதைவிடவும் நல்ல முன்னறிவிப்பு அது. 2013-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தார்கள். கோடுகள் வருவதோடு தொடர்புள்ளதாகத் தெரிந்த இடங்களில் ஒன்று, எலாஸ்டினைத் தயாரிக்கும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இன்னும் சில காரணங்களும் உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடுதலாக இருப்பது, கர்ப்பத்தில் எடை அதிகமாகவோ வேகமாகவோ ஏறுவது, குழந்தை பெரிதாக இருப்பது, இரட்டையர், பனிக்குட நீர் அதிகமாக இருப்பது. அப்புறம், பலரும் எதிர்பாராத ஒன்று: இளம் வயது. சின்ன வயதில் தோல் நன்றாக இழுத்துக் கொடுக்கும், கோடு விழாது என்றுதான் நினைப்போம். ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது நேர் எதிர். இருபதுக்குக் கீழே கர்ப்பமாகிறவர்களுக்குத்தான் கோடுகள் அதிகமாகவும் ஆழமாகவும் வருகின்றன.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அம்மா யார், வயது என்ன, குழந்தை எவ்வளவு பெரிது, வயிற்றில் எத்தனை குழந்தை. இதில் எதை நாம் மாற்ற முடியும்? எடை ஏறும் வேகம் ஒன்றைத்தான், அதையும் ஓரளவுக்குத்தான். "ஒழுங்காக எண்ணெய் தேய்த்திருந்தால் வந்திருக்காது" என்று ஒருவர் சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

டப்பாவுக்குள் இருப்பது எதுவரை போகும்?

தோல் என்பதே வெளியில் இருப்பது உள்ளே போகாமல் தடுப்பதற்கான சுவர். மூலக்கூற்று எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) மேல் உள்ள பொருள்கள் அந்தச் சுவரைத் தாண்டிப் போவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறத்தாழ 3,00,000 டால்டன். கொலாஜன் கலந்த களிம்பைத் தடவி உள்தோலின் கொலாஜனை நிரப்புவது, பூட்டிய கதவின் சாவித்துளை வழியாகக் கட்டிலை உள்ளே தள்ளுவது மாதிரி. களிம்பு மேல்தோலின் ஈரத்தைக் காப்பாற்றும், மென்மையாக்கும். கோடு விழும் இடத்துக்கு அது போய்ச் சேர்வதில்லை.

இது வெறும் தர்க்கம் என்று யாராவது சொல்லலாம். செய்து பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. கோகோ வெண்ணெய்தான் இந்த விஷயத்தில் உலகப் புகழ் பெற்றது. லெபனானில் முதல் முறை கர்ப்பமான 175 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கோகோ வெண்ணெய் லோஷனும், மறுபாதிக்கு அது கலக்காத, பார்க்க அதே மாதிரி இருக்கும் லோஷனும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. முடிவு 2008-இல் வெளியானது: கோகோ வெண்ணெய் பூசியவர்களில் 45.1 சதவீதம் பேருக்குக் கோடு, மற்றவர்களில் 48.8 சதவீதம் பேருக்கு. இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வரும். 2010-இல் ஜமைக்காவில் 300 பெண்களிடம் நடத்திய ஆய்விலும் கோகோ வெண்ணெய் தடுத்தது என்று சொல்ல முடியவில்லை. ஆலிவ் எண்ணெய்க்கும் அதே கதைதான்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2012-இல் இதை எடுத்துக்கொண்டது. 6 ஆய்வுகள், மொத்தம் 800 பெண்கள். பூசும் பொருள் எதுவும் கோடுகள் வருவதைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்டது.

சரி, எல்லாமே வீண்தானா? ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. துருக்கியில் கசப்பு பாதாம் எண்ணெயை வைத்து, முதல் கர்ப்பத்தில் இருந்த 141 பெண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். எண்ணெயோடு 15 நிமிடம் நீவி விட்டவர்களில் 20 சதவீதம் பேருக்குக் கோடு வந்தது. அதே எண்ணெயை நீவாமல் தடவியவர்களில் 38.8 சதவீதம், எதுவுமே போடாதவர்களில் 41.2 சதவீதம். எண்ணெயைவிட நீவுவதில்தான் ஏதோ இருக்கிறது போலத் தோன்றுகிறது, இல்லையா? ஆனால் சிறிய ஆய்வு. நீவுகிறவருக்குத் தான் நீவுகிறோம் என்பது தெரியும், நீவாதவருக்கும் தெரியும். லெபனானில் செய்த மாதிரி மறைத்துச் செய்ய வழியில்லை. வல்லாரைச் சாறு, ஹயலூரானிக் அமிலம் சேர்ந்த களிம்புகளுக்கும் இப்படி நம்பிக்கை தரும் சிறு ஆய்வுகள் உண்டு. அவற்றையும் இந்த அளவுக்குள்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால்: தேய்ப்பது பிடித்திருந்தால் தேய்யுங்கள். இறுகிப்போன தோல் இளகும், அரிப்பு குறையும், நாள் முடிவில் கால் மணி நேரம் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொள்வதில் ஒரு சுகமும் இருக்கிறது. உள்ளே குழந்தை உதைத்துப் பதில் சொல்லும். வாசனை இல்லாத சாதாரண ஈரப்பதக் களிம்போ உங்கள் தோலுக்குப் பழகிய எண்ணெயோ போதும். குளித்து, துவட்டி, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே தடவினால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். அழுத்திப் பிசைய வேண்டாம், உள்ளங்கையை வழுக்க விட்டால் போதும். "கோடு வராது என்று உத்தரவாதம்" என்ற வாசகத்துக்காக நாலு மடங்கு விலை கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

நம் கையில் இருக்கும் ஒன்று

எடை. இதைச் சொன்னதும் சிலர் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். கர்ப்பத்தில் எடை ஏறித்தான் ஆக வேண்டும். பிறக்கும் நேரத்தில் குழந்தை மட்டும் 3 கிலோவுக்கு மேல் இருக்கலாம். நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், தானே ஒரு கிலோ ஆகிவிடும் கர்ப்பப்பை, கூடுதலாக ஊறிய ரத்தம், பெரிதான மார்பு, பால் கொடுப்பதற்காக உடம்பு சேர்த்து வைக்கும் கொழுப்பு என்று ஒவ்வொன்றாகக் கூட்டினாலே பத்துக் கிலோவைத் தாண்டும்.

எவ்வளவு ஏறலாம் என்பதற்கு 2009-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் தந்த அளவுகளைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். கர்ப்பத்துக்கு முன் உங்கள் உடல் நிறை குறியீடு, அதாவது பி.எம்.ஐ., எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. 18.5-க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை. 18.5 முதல் 24.9 வரை இருந்தால் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 என்றால் 7 முதல் 11.5 கிலோ. 30-ம் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9 கிலோ. இரட்டைக் குழந்தை என்றால் கணக்கே வேறு.

மொத்தத்தோடு வேகத்தையும் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் அரை கிலோவிலிருந்து 2 கிலோ வரை. அதற்குப் பிறகு, சாதாரண எடையில் இருந்தவர்களுக்கு வாரம் 400 கிராம் அளவில் ஏறுவது இயல்பு. ஒரே மாதத்தில் நாலு கிலோ ஏறி அடுத்த மாதம் ஒன்றுமே ஏறாமல் நிற்பதைவிட, நாலைந்து மாதமாகச் சீராக ஏறுவது தோலுக்கு நல்லது. திடீரென்று ஒரு வாரத்தில் எடை எகிறி, கையும் முகமும் வீங்கினால் அதைத் தோல் விஷயமாக நினைத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும்.

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற அறிவுரையையும் கொஞ்சம் அளந்து எடுத்துக்கொள்ளலாம். நடு மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 340 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450 கலோரி கூடுதலாக இருந்தால் போதும். அது இன்னொரு முழு ஆளின் சாப்பாடு ஆகாது. நடுவில் ஒரு சிற்றுண்டி.

கொலாஜன் தயாரிக்கப் புரதமும் வைட்டமின் சி-யும் வேண்டும் என்பது உண்மை. வழக்கமான சத்தான சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். கூடுதலாக மாத்திரை விழுங்கினால் கூடுதலாகக் கொலாஜன் வந்துவிடாது. தண்ணீரும் அப்படித்தான், தாகத்துக்குக் குடியுங்கள், கோட்டுக்காக லிட்டர் கணக்கில் வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தோலுக்கு நல்லது என்று வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ரெட்டினால் வடிவில் அது அளவை மீறினால் கருவில் ஊனம் உண்டாக்கக் கூடியது.

அரிப்பு: இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்

சொறிந்தால்தான் கோடு விழும் என்று ஒரு பேச்சு உண்டு. வரிசை தலைகீழ். உள்தோல் இழுபடுகிறது, அங்கே அழற்சி வருகிறது, அதனால் அரிக்கிறது, அதனால் சொறிகிறோம். சில நாளில் கோடு தெரிகிறது. பழி நகத்தின் மேல் விழுகிறது. நகத்தால் மேல்தோல் கீறி, அதில் புண்ணும் கறுப்புத் தடமும் வரலாம் என்பதால் சொறியாமல் இருப்பது நல்லதுதான். குளிர்ந்த ஈரத் துணியை வைப்பது, பருத்தியில் தளர்வாக உடுத்துவது, கொதிக்கும் நீரில் குளிக்காமல் இருப்பது எல்லாம் உதவும்.

ஆனால் கர்ப்பத்தில் வருகிற எல்லா அரிப்பும் தோல் இழுபடுவதால் வருவது கிடையாது. இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கடைசி வாரங்களில், அதிகமாக முதல் கர்ப்பத்தில் வரும் ஒரு தடிப்பு. சரியாகப் பிரசவக் கோடுகளுக்கு மேலேயே சின்னச் சின்னக் கொப்புளம் போலத் தொடங்கி, தடிப்பாகப் பரவி, தாங்க முடியாமல் அரிக்கும். அதன் அடையாளம் ஒன்று விசித்திரமானது: தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவிடும். குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பிரசவத்துக்குப் பின் தானாக அடங்கிவிடும். அதுவரை அரிப்பைத் தணிக்க மருத்துவர் களிம்பு தருவார்.

இரண்டாவது அவ்வளவு சாதுவானது இல்லை. தோலில் தடிப்பு எதுவும் இருக்காது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். இரவில் தூங்க விடாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாமல் ரத்தத்தில் பித்த அமிலங்கள் சேர்வதால் வருவது இது. அளவு மிக அதிகமானால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதனால் "கர்ப்பம்னா அரிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கை, கால் அரிக்கிறது, தடிப்பு இல்லை, இரவில் கூடுகிறது என்று இந்த மூன்றையும் இதே வார்த்தைகளில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பூசக் கூடாதவையும் இங்கேயே. ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன் என்று ரெட்டினாய்டு வகை (வைட்டமின் ஏ சார்ந்த மருந்துகள்) எது இருந்தாலும் கர்ப்பத்தில் தொடாதீர்கள். முகத்துக்கு வாங்கிய இரவுக் களிம்பிலும் இருக்கலாம், பொருள் பட்டியலைப் படியுங்கள். ஹைட்ரோகுயினோன் கலந்த வெளுப்புக் களிம்பும் வேண்டாம். கோடுகள் மங்கும் என்று யாரோ கொடுத்த பெயர் தெரியாத களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் என்ன ஆகும் என்பதை மேலேயே பார்த்தோம்: கோட்டைப் போக்கப் போய்க் கோட்டை வாங்கிக்கொள்வது. செறிவான வாசனை எண்ணெய்களையும் மருத்துவரைக் கேட்காமல் தோலில் நேரடியாகத் தடவ வேண்டாம்.

தொப்புளிலிருந்து கீழே நேராக ஓடும் ஒற்றைக் கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு ஒரு வரி: அது பிரசவக் கோடு கிடையாது. நிறமி கூடியதால் வருவது, பிரசவமான சில மாதங்களில் அதுவே மறையும்.

பிரசவத்துக்குப் பிறகு

ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் நிறம் வடிந்து கோடுகள் மங்கிவிடும். முழுக்க மறைவதில்லை. வயிறு வற்றியதும் கோடுகள் நெருங்கி, சுருங்கி, முதல் சில வாரம் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். அந்த வாரங்களில் கண்ணாடி முன் நின்று முடிவெடுக்காதீர்கள்.

சிகிச்சை வேண்டும் என்று நினைத்தால் நிறம் இருக்கும்போதே போவது பலன் தரும். புதுக் கோடுகளுக்கு ட்ரெட்டினாயின் களிம்பு ஓரளவு உதவுகிறது. ஓரளவு என்றால் எவ்வளவு? 1996-இல் வெளியான ஆய்வில் 0.1 சதவீத ட்ரெட்டினாயினை 24 வாரம் பூசியவர்களுக்குக் கோட்டின் நீளம் சராசரியாக 14 சதவீதம் குறைந்தது, அகலம் 8 சதவீதம் குறைந்தது. மருந்து கலக்காத களிம்பைப் பூசியவர்களுக்கு இரண்டும் கூடியது. விரல் நீளக் கோடு கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். பால் கொடுக்கும் காலத்தில் இதைத் தொடங்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

லேசரிலும் அதே பிரிவினைதான். ரத்தக்குழாயின் சிவப்பைக் குறிவைக்கும் பல்ஸ்டு டை லேசர் புதுக் கோட்டின் நிறத்தைத் தணிக்கும். வெளுத்த கோட்டில் அதற்குக் குறிவைக்க ஒன்றும் இல்லை. பழைய கோடுகளுக்குத் தோலில் நுண்ணிய புள்ளிகளாகச் சூடேற்றும் ஃப்ராக்‌ஷனல் லேசர், நுண்ணூசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங் போன்றவை. இரண்டும் வேண்டுமென்றே சின்னச் சின்னக் காயம் உண்டாக்கி, உள்தோலைப் புதுக் கொலாஜன் சுரக்க வைக்கும் வேலை. பல முறை போக வேண்டும். சுருக்கம் குறையும், குழி கொஞ்சம் நிரம்பும். பழைய தோல் திரும்ப வராது.

மாநிறமும் கறுப்புமான தோலுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. லேசரின் சூடு பட்டால் தோல் நிறமியைக் கொட்டிவிடும். மங்கலான கோடு இருந்த இடத்தில் கறுத்த பட்டை நிற்கும், அது போக மாதக்கணக்காகும். அதனால் இந்த நிறத் தோலில் பழக்கமுள்ள தோல் மருத்துவரிடம் போங்கள். எடுத்த உடனே வயிறு முழுவதும் செய்யச் சொல்லாதீர்கள். உடை மறைக்கிற ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் செய்துவிட்டு, சில வாரம் காத்திருந்து, அது எப்படி ஆறுகிறது என்று பார்த்த பிறகு மீதியைப் பற்றிப் பேசலாம் என்று நீங்களே கேளுங்கள். "முழுசாகப் போய்விடும்" என்று அங்கே யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடலாம்.

அடுத்த குழந்தையைப் பற்றி யோசனை இருந்தால் அதுவரை இந்தச் செலவைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம். நான் தள்ளிப்போட்டேன். இரண்டாவதில் புதிதாக இரண்டு கோடுதான் சேர்ந்தது. இப்போது அவற்றைக் காட்டு என்று கேட்டால், விளக்கை வயிற்றுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டியிருக்கிறது.